கூடம் கோணல்தான்!

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்!"

சென்ற மாதம் ஒரு நாள், பொழுது புலராத வேளையில், எங்கள் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் இந்தப் பழமொழி ஒலித்தது. சொன்னவர் நிர்வாகத்தைச் சேர்ந்த ஓர் அதிகாரி. கேட்டு நின்றவர்கள் பால்வெட்டுத் தொழிலாளர்கள். எதற்காகச் சொன்னார்? ஒரு தாய் முன்னே வந்து, "ஐயா, ஸ்டோர்ல கொடுத்த கத்தி நிக்க மாட்டேங்குது. நாலு நிரை போறதுக்குள்ள வாய் மடங்கிப் போகுது. கொஞ்சம் நல்ல கத்தியா வாங்கிக் கொடுங்க" என்று கேட்டார். அவ்வளவுதான்! அதற்குக் கிடைத்த மறுமொழிதான் மேலே கண்ட பழமொழி.

களம் சிரித்தது. அந்தத் தாய் தலை குனிந்து வாளியை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனார். சிரித்தவர்களில் நானும் ஒருவன் என்பதை இந்த ஏட்டில் எழுதவே இத்தனை நாள் தயங்கினேன்.

அன்று மாலை அவர் ஆபீசுக்கு ஒரு தாளில் கையெழுத்துப் போட வந்தார். மற்றவர்களைப் போல் என்னைக் கிராணியார் என்று அழைப்பவர் அல்லர். என் தாயாருக்கு மரம் வெட்டக் கற்றுக் கொடுத்தவர். பிள்ளைப் பருவத்தில் எனக்குச் சோறூட்டியவர். நான் அவரைப் பெரியம்மா என்றே அழைப்பேன். கையெழுத்தைப் போட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்து, "தம்பி, நீயுமா சிரிச்சே?" என்று மட்டும் கேட்டார். பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. இந்தக் கட்டுரைதான் அவருக்கு நான் சொல்லும் பதில்.

தோழர்களே! கூடம் கோணல்தான். ஆடுகிறவள் சரியாகத்தான் ஆடுகிறாள். கோணலான கூடத்தைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஆடுகிறவளைப் பழிக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன்.

பேரேடு சொல்லும் சாட்சி

நான் கிராணி. என் கையில் இருப்பது பேனா. பெரியம்மாவின் கையில் இருப்பது கத்தி. என் பேனா மை தீர்ந்தால் தோட்டச் செலவில் வேறு பேனா வருகிறது. என் மேசை மீதிருக்கும் கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று ஒரு தடவை சொன்னேன். புதிய கம்ப்யூட்டர் வந்தது. "ஆடத் தெரியாதவன்" என்று எவரும் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. என் சம்பளத்தில் ஒரு காசும் பிடிக்கவில்லை.

பெரியம்மாவின் கத்திக்கு என்ன நடந்தது? அதையும் நான்தான் எழுதினேன். "கத்தி 1, பிடித்தம்" என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. அடுத்த ஏட்டைப் புரட்டினால், அதே பெயருக்கு நேரே, அதே மாதத்தில், "மரத்தில் காயம், எச்சரிக்கை" என்றும் இருக்கிறது. அதுவும் என் கையெழுத்துத்தான்!

இரண்டு ஏட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு இத்தனை ஆண்டு தோன்றவில்லை. மலிவுக் கத்தியை நிர்வாகம் வாங்குகிறது. அதன் விலையைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிக்கிறது. அந்தக் கத்தி மரத்தைக் காயப்படுத்துகிறது. காயத்துக்காக அதே தொழிலாளி எச்சரிக்கப்படுகிறாள். தண்டனையைத் தானே காசு கொடுத்து வாங்கிக்கொள்ளும் விந்தை வேறெந்தத் தொழிலில் உண்டு?

அரை மில்லிமீட்டர் கணக்கு

"கத்தியில் என்ன நல்லது, கெட்டது? கூராக இருந்தால் போதாதா?" என்று ஆபீசில் உட்கார்ந்திருப்பவர்கள் கேட்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் கேட்டவன்தான். மரம் வெட்டுகிறவர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. ஆனால் இந்த ஏடு துரைமார் மேசைக்கும் போகிறது. ஆகவே விளக்கமாகவே எழுதுகிறேன்.

ரப்பர் மரத்தின் பால் மரக்கட்டையில் இல்லை, பட்டையில் இருக்கிறது. பட்டையிலும் வெளிப்புறத்தில் குறைவு. உள்ளே போகப் போகப் பால் குழாய்கள் நெருக்கமாக இருக்கும். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மெல்லியதொரு வளர்சவ்வு உண்டு. மரம் பருப்பதும், வெட்டிய இடத்தில் புதுப் பட்டை வளர்வதும் அதனால்தான். கத்தி அந்தச் சவ்வுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தூரம் வரை போக வேண்டும், ஆனால் அதைத் தொடக் கூடாது. தொட்டால் காயம். காயம் பட்ட இடத்தில் புதுப் பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும். பல ஆண்டு கழித்து அங்கே மறுபடி கத்தி வைக்க முடியாது. காயத்துக்குப் பயந்து மேலோட்டமாக வெட்டினாலோ பால் குறையும், கூலியும் குறையும்.

ஆக, சவ்வுக்கும் கத்திக்கும் நடுவே இருக்கும் ஒரு மில்லிமீட்டரில்தான் நம் சோறு இருக்கிறது. அதுவும் எந்த நேரத்தில்? வெயில் ஏறினால் பால் ஓட்டம் மட்டுப்படும். அதனால் இருட்டோடு இருட்டாக, நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், ஐந்நூறு, அறுநூறு மரத்தில் அந்த ஒரு மில்லிமீட்டரைத் தவறாமல் காக்க வேண்டும். அறுவை சிகிச்சை செய்யும் டாக்டருக்குக்கூட ஒரு காலையில் ஐந்நூறு பேரை யாரும் ஒதுக்குவதில்லை!

இனி கத்திக்கு வருவோம். நம் நாட்டில் பெரும்பாலும் புழங்குவது ஜெபோங் கத்தி. இலங்கையிலும் கேரளத்திலும் மிச்சி கொலெட்ஜ் என்ற வகை உண்டு. உயரத்தில் கீழிருந்து மேலாக வெட்டுவதற்கு உளி போன்ற வேறு வகை இருக்கிறது. எந்த வகையானாலும் உயிர் இரும்பில் இருக்கிறது. நல்ல எஃகு கூரைத் தாங்கும். சாணைக்கல்லில் இரண்டு இழுப்பு இழுத்தால் மறுபடி நிற்கும். மட்டமான இரும்பு தீட்டும்போது பளபளக்கும். பட்டையில் நாலு தடவை ஓடியதும் வாய் மடங்கும், அல்லது பல் பல்லாக உதிரும். கூர் மழுங்கிய கத்தி பட்டையைச் சீவாமல் பிய்க்கும். பிய்க்கிற கத்தியை அழுத்திப் பிடித்தாக வேண்டும். அழுத்தினால் கை தவறும். கை தவறினால் மரத்திலும் காயம், சில வேளை மனிதர் கையிலும் காயம்.

பட்டைக் கணக்கை இப்போது போட்டுப் பாருங்கள். நான் கணக்கப்பிள்ளை, கணக்கில் பொய் சொல்ல மாட்டேன். ஒட்டு மரத்தில் ஒரு பக்கத்து வெட்டு 150 சென்டிமீட்டர் உயரத்தில் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அதாவது 1,500 மில்லிமீட்டர் பட்டை. நல்ல கத்தியால் தடவைக்கு ஒன்றரை மில்லிமீட்டர் சீவினால் 1,000 வெட்டு கிடைக்கும். மழுங்கிய கத்தியால் தடவைக்கு இரண்டு மில்லிமீட்டர் போனால் 750 வெட்டுத்தான். ஆண்டுக்கு 150 நாள் வெட்டினால், முதற்கணக்கில் அந்தப் பக்கம் ஆறு ஆண்டு எட்டு மாதம் வரும். இரண்டாவது கணக்கில் ஐந்தே ஆண்டு. அரை மில்லிமீட்டரில் இருபது மாதம் பறிபோகிறது! ஒரு மரத்தில் இருபது மாதம் என்றால் ஒரு காடு முழுவதும் எவ்வளவு?

இந்த நட்டம் யாருக்கு? மரம் எங்கள் பெரியம்மாவுடையதா? நிலம் அவருடையதா? இல்லை. மரமும் நிலமும் பாலும் முதலாளியுடையவை. தன் மரத்தின் பட்டையைத் தானே தின்னுகிற கத்தியை வாங்கிக் கொடுத்துவிட்டுச் செலவு மிச்சம் என்று மார்தட்டுகிறார்கள். எண்ணெயை மிச்சம் பிடிக்க விளக்கை உடைத்த கதைதான்!

தோட்டத்தைப் பெற்றதே கத்திதான்

"இவ்வளவு நாள் இந்தக் கத்தியால்தானே வெட்டினார்கள்?" என்று இன்னொரு கேள்வி. இதைக் கேட்பவர்களுக்கு ரப்பரின் சரித்திரம் தெரியாது.

அமேசான் காட்டில் பால் எடுத்தவர்கள் சிறு கோடாலியால் மரத்தைக் கொத்தினார்கள். கொத்து விழுந்த இடமெல்லாம் சவ்வு செத்தது, மரம் சீரழிந்தது. 1876இல் விக்காம் என்ற ஆங்கிலேயர் ஏறக்குறைய 70,000 ரப்பர் விதைகளை அங்கிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டு சேர்த்தார். 1877இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. வந்து என்ன? இருபது ஆண்டுக் காலம் அதை ஒரு பெரிய பயிராக நினைத்தவர் மிகச் சிலர். 1888இல் சிங்கப்பூர் தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி, சட்டைப் பையில் ரப்பர் விதையை வைத்துக்கொண்டு நடுங்கள், நடுங்கள் என்று கேட்டு அலைந்தார். அவரைப் பைத்தியம் என்றார்கள்.

அந்த ரிட்லி என்ன செய்தார்? கொத்துகிற கோடாலியைத் தள்ளிவிட்டு, சீவுகிற முறையைக் கொண்டு வந்தார். சவ்வைத் தொடாமல், முதல் வெட்டின் ஓரத்தையே மறுபடி மெல்லிதாகச் சீவினால் மரம் சாகாமல் ஆண்டுக்கணக்கில் பால் தரும் என்று 1890களில் காட்டினார். அதன் பிறகே துரைமார் காடு வெட்டினார்கள். கப்பல் கப்பலாக நம் பாட்டன் பூட்டன்கள் வந்திறங்கினார்கள். கிள்ளான் துறைமுகத்திலிருந்து ரப்பர் உலகெங்கும் போனது. லண்டனில் பங்குக்காரர்கள் கொழுத்தார்கள்.

இதன் பொருள் என்ன? மட்டமான ஆயுதத்தை விட்டு மேலான ஆயுதத்துக்கு வந்ததால்தான் மலாயாவில் ரப்பர் தோட்டம் என்ற ஒன்றே பிறந்தது! கோடாலியே போதும் என்று அன்றைக்கு இருந்திருந்தால் இன்றைக்கு இந்த அதிகாரிக்கு நாற்காலி ஏது? 1925இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தை அமைத்தார்கள். கோலாலம்பூரில் ஆராய்ச்சிக் கூடம், சுங்கை பூலோவில் சோதனைக் காடு. மரத்தை மாற்றினார்கள், உரத்தை மாற்றினார்கள், பாலை அதிகப்படுத்த மருந்து பூசினார்கள். விதைக்கும் உரத்துக்கும் மருந்துக்கும் பணம் இருந்தது. வெட்டுகிற கையில் இருக்கும் கத்திக்கு வந்தபோது மட்டும் பழமொழிதான் மிச்சமாக இருந்தது!

வாதங்களுக்குப் பதில்

எங்கள் கோரிக்கையை எதிர்த்துச் சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

"நல்ல கத்தி கொடுத்தால் தொலைத்துவிடுவார்கள், விற்றுவிடுவார்கள்." பால்வெட்டுகிறவரின் கத்தியைப் பற்றி ஒன்றும் அறியாதவர்களின் பேச்சு இது. கத்தி கைக்குப் பழக வேண்டும். பிடியின் கனம், வாயின் சாய்வு, தீட்டித் தீட்டி வந்த வளைவு, எல்லாம் ஒருவர் கைக்கு ஒரு விதம். என் தாயாரின் கத்தியை வீட்டில் வேறு எவரும் தொட முடியாது. எண்ணெய் பூசி, துணியில் சுற்றி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வைப்பார். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைத்துக் கும்பிடுகிற பொருளையா விற்றுவிடுவார்கள்? தூக்கி எறியத் தோன்றுவது மட்டமான கத்தியைத்தான்.

"குறைந்தபட்சச் சம்பளம்தான் கூடிவிட்டதே, நீங்களே வாங்கிக்கொள்ளுங்கள்." ஆம், 2025இல் மாதம் 1,700 வெள்ளி என்று சட்டம் வந்தது. அந்தச் சம்பளம் அரிசிக்கும் பருப்புக்கும், பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும், பஸ் கட்டணத்துக்கும். தோட்டத்தின் ஆயுதத்தைத் தோட்டத்துக்கே வாங்கித் தருவதற்கு அல்ல. பஸ் டிரைவர் சொந்தக் காசில் டயர் மாற்றுகிறாரா? பேங்க் கிராணி காசு எண்ணும் இயந்திரத்தை வீட்டிலிருந்து கொண்டு போகிறாரா?

"கத்தி வாங்கக்கூட வக்கில்லாதவர்கள்" என்று ஏளனமாகவும் ஒரு குரல் கேட்டது. ஐயா, எங்கள் வக்கைப் பற்றிப் பேச வேண்டாம்! தோட்டங்களைத் துண்டு போட்டு விற்று எங்களை நடுத்தெருவில் விட்ட காலத்தில், 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, மாதம் பத்துப் பத்து வெள்ளியாகக் கொடுத்துத் தோட்டத்தையே வாங்கிக் காட்டியவர்கள் எங்கள் பெற்றோரும் பாட்டன்மாரும்தான். தோட்டம் வாங்கத் தெரிந்தவர்களுக்குக் கத்தி வாங்கத் தெரியாதா? எங்கள் ஆட்களில் எத்தனையோ பேர் கிள்ளான் கடைத்தெருவுக்குப் போய் நல்ல கத்தியைச் சொந்தக் காசில் வாங்கி வைத்திருக்கிறார்கள். முடியுமா, முடியாதா என்பது இங்கே கேள்வியே அல்ல. யாருடைய கடமை என்பதே கேள்வி.

"ரப்பர்தான் செத்துவிட்டதே, இன்னும் எதற்குக் கத்தியைப் பற்றி எழுதுகிறீர்கள்?" இதைக் கேட்டவர் எதிரி அல்லர், என் உறவினர்தாம். பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்து, "மாப்பிள்ளை, இன்னுமா மரம் வெட்டுறீங்க?" என்று வியந்தார். அவர் வியப்பிலும் நியாயம் உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கில் ரப்பர் காடு இருந்த இடமெல்லாம் வீடமைப்பாகவும் செம்பனையாகவும் மாறிவிட்டது. சுங்கை பூலோவில் சோதனைக் காடு நின்ற நிலத்திலேயே குவாசா டாமன்சாரா என்ற நகரம் எழும்புகிறது.

ஆனால் செத்துவிட்டதா? இதே கிள்ளானில், மேரு பக்கம் போய்ப் பாருங்கள். கையுறைத் தொழிற்சாலைகள் நிற்கின்றன. உலகத்து டாக்டர்களும் நர்சுகளும் போடும் கையுறையில் பெரும் பங்கு மலேசியாவிலிருந்து போகிறது. இயற்கை ரப்பர் கையுறைக்கு வேண்டிய பால் நாட்டில் போதாமல் வெளிநாட்டிலிருந்து வருகிறது! மரம் வெட்ட ஆள் இல்லை, இளைஞர் வருவதில்லை என்று புலம்புகிறார்கள். எப்படி வருவார்கள்? காசைப் பிடித்துக்கொண்டு மட்டமான கத்தியைக் கொடுத்து, கேட்டால் களத்தில் நிற்க வைத்துச் சிரிக்கிற தொழிலுக்கு எந்தத் தாய் தன் பிள்ளையை அனுப்புவாள்?

சட்டம் என்ன சொல்கிறது?

இனி சட்டத்துக்கு வருவோம். 1994ஆம் ஆண்டின் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் விவசாயத்துக்கும் பொருந்தும். அதன் 15ஆம் பிரிவு, தொழிலாளிக்கு ஆபத்தில்லாத சாதனங்களை இயன்ற அளவுக்கு ஏற்படுத்திக் கொடுத்து, அவற்றைப் பராமரிக்கவும் வேண்டும் என்று முதலாளிக்குக் கடமை விதிக்கிறது. சாதனம் என்றால் என்ன என்று 3ஆம் பிரிவு விளக்குகிறது. பெரிய இயந்திரம் முதல் கைக்கருவி வரை அதில் அடங்கும். 26ஆம் பிரிவு இன்னும் முக்கியமானது. இந்தச் சட்டப்படி செய்து கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று அது சொல்கிறது.

பால்வெட்டுக் கத்தி கைக்கருவியா, இல்லையா? மழுங்கி வழுக்கும் கத்தி கையைக் கிழிக்குமா, கிழிக்காதா? இரண்டுக்கும் "ஆம்" என்றால், பாதுகாப்பான கத்தியைக் கொடுப்பது முதலாளியின் கடமை, அதற்குக் காசு பிடிப்பது குற்றம். இது எங்கள் வாதம். இல்லை என்று சொல்பவர்கள் எழுத்தில் சொல்லட்டும். சங்கம் அதை எடுத்துக்கொண்டு போக வேண்டிய இடத்துக்குப் போகும்.

இன்னொன்று. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி சம்பளத்தில் கண்டபடி கை வைக்க முடியாது. எந்தப் பிடித்தம் செல்லும் என்று சட்டமே வரையறுத்திருக்கிறது. சிலவற்றுக்குத் தொழிலாளியே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். "கேட்டு எழுதியிருக்கிறார்களே, கையெழுத்து இருக்கிறதே" என்பார்கள். ஆம், இருக்கிறது. வேலையில் சேர்ந்த அன்று ஒரு கட்டுத் தாளில் ஒன்றாக நீட்டப்பட்ட தாள் அது. படித்துக் காட்டாமல் கையெழுத்து வாங்கியவன் நானேதான். அது விருப்பம் ஆகுமா? எனக்குச் சம்மதம் என்று எந்தப் பெரியம்மா வாய் திறந்து சொன்னார்?

நம் பக்கத்துக் குறைகள்

நிர்வாகத்தை மட்டும் பேசிவிட்டு நம்மைப் பேசாமல் விடுவது சங்கத்துக்காரனுக்கு அழகல்ல.

முதலில் என் இனத்தாரான கிராணிமார். 1941இல் இதே கிள்ளான் வட்டாரத்துத் தோட்டங்களில் பெரும் வேலை நிறுத்தம் நடந்தது. கூலி உயர்வோடு சேர்த்து நம்மவர் கேட்ட உரிமைகளில் ஒன்று, துரைமாரையும் தோட்டத்து ஸ்டாஃபையும் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டிய அவமானம் ஒழிய வேண்டும் என்பது. ஆர். எச். நாதன் கைதாகி நாடு கடத்தப்பட்டார். பட்டாளம் வந்து சுட்டு ஐந்து பேர் மடிந்தார்கள். சைக்கிளை விட்டு இறங்க வைத்த அந்தப் பட்டியலில் கிராணிமாரும் இருந்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. இன்று யாரும் சைக்கிளை விட்டு இறங்குவதில்லை. ஆனால் பெரட்டில் ஒரு தாயைப் பார்த்துச் சிரிக்கும்போது, அந்தப் பழைய கிராணி நம்முள்ளே எழுந்து உட்காருகிறான். அவனை முதலில் வெளியேற்ற வேண்டும்.

அடுத்து, பால்வெட்டும் தோழர்கள். நல்ல கத்தி கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்றால், அதைப் பேணும் கடமையும் உண்டு. கட்டிப்பால் வாளிக்குள் கத்தியைத் தூக்கிப் போடுவதும், பாராங் இல்லையென்று அதாலேயே செடி கொடி வெட்டுவதும், கல்லில்லாமல் சிமெண்டுத் தரையில் தேய்ப்பதும் நம்மிடையே உண்டு. நல்ல எஃகு இப்படிப்பட்ட கைக்கு ஒரு மாதம் தாங்காது. அனுபவசாலிகள் தீட்டும் முறையை மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். வங்காளதேசத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் வந்து நம் பக்கத்து நிரையில் வெட்டுகிறவருக்கும் சொல்லிக் கொடுங்கள். அவர் கையிலும் அதே மட்டமான கத்திதான், அவர் சம்பளத்திலும் அதே பிடித்தம்தான். அவர் எங்கிருந்தோ வந்தவர்தானே என்று நாம் ஒதுங்கினால், நாளைக்கு நம்மையும் அப்படியே ஒதுக்குவார்கள். நம் பாட்டனும் ஒரு நாள் எங்கிருந்தோ வந்தவர்தான்.

மூன்றாவது, சங்கத்தில் இருக்கிற நாம். 1954இல் சிறு சிறு சங்கங்களெல்லாம் ஒன்றாகித் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் ஆனது முதல், சம்பளத்துக்காகவும் லீவுக்காகவும் எத்தனையோ பேச்சு வார்த்தை நடந்திருக்கிறது. அது பெரிய காரியம். ஆனால் கத்தி, சாணைக்கல், விளக்கு, சப்பாத்து என்ற சின்னச் சாமான்களைச் சில்லறை என்று நம் கூட்டங்களில் தள்ளிப் போட்டிருக்கிறோம். தொழிலாளி நாள் முழுவதும் கையில் பிடித்திருப்பது அந்தச் சில்லறையைத்தான்!

இயந்திரக் கத்தி வருகிறது, விழித்திருங்கள்

மின்கலத்தில் ஓடும் கத்திகள் வந்துவிட்டன. எங்கள் தோட்டத்திலும் ஒன்றைக் கொண்டு வந்து காட்டினார்கள். கையில் பிடித்தால் உறுமுகிறது, பட்டை நூலாக வருகிறது. கைவலி குறையும் என்றால், பழகாத இளைஞரும் காயமில்லாமல் வெட்டலாம் என்றால், வரட்டும். நாம் இயந்திரத்துக்கு எதிரிகள் அல்ல.

ஆனால் காட்டிய அன்றைக்கே ஒரு வார்த்தை காதில் விழுந்தது. "இது வந்தால் ஒரு ஆள் இன்னும் எத்தனை மரம் பார்க்கலாம்?" நல்ல கத்தி கேட்டபோது ஆடத் தெரியாதவள் என்றவர்கள், கூடுதல் மரம் பார்க்க வைக்கலாம் என்றதும் கத்தியின் மகிமையைக் கண்டுகொண்டார்கள்! ஆகவே இயந்திரம் காட்டுக்குள் இறங்குமுன் பேச வேண்டியவை உண்டு. எத்தனை மரம்? என்ன கூலி? கனத்தையும் அதிர்வையும் நாள் முழுவதும் தாங்கும் கைக்கு என்ன ஓய்வு? கெட்டுப்போனால் பழுது பார்ப்பவர் யார், அந்த நாள் கூலி யார் பொறுப்பு? இவற்றை எழுதிக் கையெழுத்திடாமல் எவரும் அதைத் தொட வேண்டாம். கத்தி மேலானால் கூலியும் மேலாக வேண்டும். கத்தி மட்டும் மேலாகி முதுகு மட்டும் ஒடிந்தால் அது முன்னேற்றம் ஆகாது.

நாம் கேட்பது

ஒன்று: பால்வெட்டும் ஒவ்வொருவருக்கும், உள்நாட்டவர், வெளிநாட்டவர், காண்டிராக்ட் ஆள் என்ற பேதமின்றி, நல்ல எஃகுக் கத்தியும் சாணைக்கல்லும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். தேய்ந்தால் பழையதை வாங்கிக்கொண்டு புதியது தர வேண்டும்.

இரண்டு: கத்தியைத் தேர்ந்தெடுக்குமுன் வெட்டுகிறவர்களின் கையில் கொடுத்துப் பத்து நாள் வெட்டிப் பார்க்க வைக்க வேண்டும். இடது கைப் பழக்கமுள்ளவர்களுக்கு அதற்கேற்ற கத்தி வேண்டும். சொந்தக் கத்தியே பழக்கம் என்பவர்களுக்கு அதன் விலையைப் பணமாகத் தர வேண்டும்.

மூன்று: இதுவரை கத்திக்காகப் பிடித்த பணத்தைக் கணக்குப் பார்த்துத் திருப்பித் தர வேண்டும். கணக்கு எங்கே என்று கேட்டால், என்னிடம் இருக்கிறது.

நான்கு: மரத்தில் காயம் என்று எச்சரிக்கை எழுதுமுன், அன்று அந்தத் தொழிலாளியின் கையில் இருந்த கத்தியையும் பார்த்து எழுத வேண்டும்.

இந்த நான்காவது கோரிக்கைக்கு நிர்வாகத்தின் அனுமதி வரும்வரை நான் காத்திருக்கவில்லை. எச்சரிக்கை ஏட்டில் ஒரு கோடு போட்டு, "கத்தியின் நிலை" என்று புதிதாக ஒரு பத்தி சேர்த்துவிட்டேன். சென்ற வாரம் முதல் காயத்துக்கு நேரே கத்தியின் கதையும் எழுதப்படுகிறது. அதிகாரி பார்த்தார். "இது என்ன புதுசா?" என்றார். "கூடம் கோணலா, நேரா என்று குறித்து வைக்கிறேன் சார்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ஏட்டை மூடினார்.

எனக்கு என்ன வருமோ தெரியாது. ஆனால் அடுத்த பிரட்டில் அந்தப் பழமொழி ஒலித்தால், இந்த முறை சிரிப்பு எழாது என்பது மட்டும் உறுதி. தோழர்களே, உங்கள் தோட்டத்துக் கிளைக் கூட்டத்தில் இந்த நான்கு கோரிக்கையையும் வைத்துத் தீர்மானம் நிறைவேற்றுங்கள். உங்கள் கத்தியையும் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். மேசை மீது வரிசையாக வையுங்கள். நம் வழக்கை நாம் பேசுவதைவிட அவை நன்றாகப் பேசும்.

பெரியம்மா, நான் சிரித்தது தப்பு. கத்தி கேட்ட உங்கள் குரல் தனிக் குரலாக இனி ஒலிக்காது.

தொழிலாளர் ஒற்றுமை ஓங்குக!